1972 சி-10ல் 5.3 வி-8: செல்ஃப் அடிக்கும்போது ஓடுகிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது

வைகை72 (சான் அன்டோனியோ, டெக்சஸ்):

எல்லாருக்கும் வணக்கம். ஒன்றரை வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, இதுதான் என் முதல் பதிவு. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 1972 செவர்லே சி-10 பிக்கப் டிரக். 115 அங்குல வீல்பேஸ், குட்டைப் பெட்டி. 250 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஸ்டீயரிங் தண்டில் மூன்று கியர். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஷோரூமில் புதிதாக எடுத்து, கடைசிவரை அவரே ஓட்டிய வண்டி. நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் அந்த ஸ்டீயரிங் கியரைப் பார்த்ததும் அப்பாவின் அம்பாசடர்தான் எனக்கு ஞாபகம் வந்தது. சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காலியான ஒரு பார்க்கிங்குக்குக் கூட்டிப்போய் என்னை ஓட்டவைத்தார். அவர் காலமான பிறகு அவர் மனைவி, அந்த அம்மா, சாவியை என் கையில் கொடுத்து, "நிறுத்தி வைத்துப் பூட்டிவிடாதே, ஓட்டு" என்று மட்டும் சொன்னார். பணம் வாங்க மாட்டேன் என்றவரை மிகவும் வற்புறுத்தித்தான் வாங்கவைத்தேன்.

பழைய இன்ஜினில் கம்ப்ரஷன் பார்த்தபோது நான்காவது, ஐந்தாவது சிலிண்டர்கள் 70 பிஎஸ்ஐயைத் தாண்டவில்லை. மற்ற நான்கும் 120க்கு மேல். சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கி, கிராங்க் கிரைண்ட் பண்ணி, ஹெட் வேலையும் முடித்து வாங்க எவ்வளவு என்று மூன்று இடத்தில் விசாரித்தேன். அந்தக் காசுக்கு, பின்னால் அடிவாங்கிய ஒரு 2002 சில்வராடோவின் 5.3 லிட்டர் வி-8 இன்ஜினும் 4எல்60இ கியர்பாக்ஸும், இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரோடு, ஒயரிங்கோடு கிடைத்தன. நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். தினம் ஹைவேயில் 35 மைல் போய் வர வேண்டும். பின் ஆக்ஸில் ஹவுசிங்கின் பல்சக்கர விகிதம் 3.73, பழைய கியர்பாக்ஸில் 70 மைல் வேகம் போனால் இன்ஜின் 3,100 சுற்றுக்கு மேல் கதறும். புதியதில் நான்காவது கியர் 0.70 என்பதால் அதே வேகத்தில் 2,200தான். இந்தக் கணக்குதான் என்னை முடிவெடுக்கவைத்தது.

எட்டு மாதம் சனி ஞாயிறுகளில் செய்த வேலை: ஆறு சிலிண்டருக்கான இன்ஜின் பெர்ச்சை (இன்ஜின் உட்காரும் தாங்கி) கழற்றிவிட்டு வி-8 பெர்ச் போட்டு, மேலே அடாப்டர் பிளேட் வைத்து இன்ஜினை உட்காரவைத்தேன். ஏசி கம்ப்ரஸர் சேசிஸில் இடித்தது, அதை மேலே தூக்கிக் கட்டினேன். சில்வராடோவின் ஆயில் பேன் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தட்டு) சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கியதால் கமாரோ மாடல் பேனுக்கு மாறினேன். சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே இருந்த பெட்ரோல் டேங்கை முதல் வேலையாக வெளியே எடுத்தேன்; என் மகள் அந்த சீட்டில் உட்காருவாள். ஸ்பேர் வீல் தொங்கிய இடத்தில் புது டேங்க், உள்ளேயே பம்ப். சேசிஸில் கார்வெட்டின் ஃபில்டரும் ரெகுலேட்டரும் சேர்ந்த அந்த ஒற்றை உருளை. புரொப்பெல்லர் ஷாஃப்டை நறுக்கி பேலன்ஸ் பண்ணியாயிற்று. கியர் லிவர் இப்போது தரையில். பெரியவர் கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன பழைய குமிழுக்கு லேத் பட்டறையில் உள்மரை வெட்டிய ஒரு பித்தளைப் புஷ் போட்டுப் புது லிவரில் ஏற்றிவிட்டேன்.

இப்போது பிரச்சினை. ஒயரிங்கை ஒரு கடையில் கொடுத்து, தேவையில்லாததை நீக்கி வாங்கினேன். கூடவே வந்த காகிதத்தில் சொன்னபடி எல்லா ஒயரையும் கொடுத்துவிட்டேன். செல்ஃப் அடித்தால் அரைச் சுற்றில் பிடிக்கிறது, எட்டு சிலிண்டரும் சுத்தமாக ஓடுகிறது. சாவியை விட்ட அந்தக் கணம் பேச்சுமூச்சு இல்லை. பதினொரு தடவை அடித்துப் பார்த்தேன், பதினொன்றும் அப்படியேதான். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் குழாயில் மாட்டிய மீட்டர் 58 பிஎஸ்ஐ காட்டுகிறது, இன்ஜின் நின்ற பிறகும் இறங்கவில்லை. ஸ்கேனரில் கோளாறுக் குறி எதுவும் இல்லை.

இன்னும் இரண்டு சின்னக் கேள்விகள். பெரியவர் பார்த்து ஓட்டிய அதே மீட்டர் போர்டு அப்படியே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கேபிளில் சுற்றும் அந்த ஸ்பீடோமீட்டரை இந்தக் கியர்பாக்ஸோடு எப்படி இணைப்பது? டெம்பரேச்சர் முள்ளுக்கு என்ன வழி?

ஃபீனிக்ஸ்காரன் (அரிசோனா):

வாழ்த்துகள் நண்பரே. 2002 சில்வராடோ கம்ப்யூட்டர் என்றால் எனக்கு முதல் சந்தேகம் திருட்டுத் தடுப்பு மேல்தான். அந்த வண்டியின் சாவி சிலிண்டரிலிருந்து வர வேண்டிய சிக்னல் வராவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடி ஓடும், பிறகு இன்ஜெக்டரை அடைத்துவிடும். பெட்ரோல் பிரஷர் மட்டும் அப்படியே நிற்கும். நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் அதை நீக்கியாயிற்றா என்று கடையில் கேளுங்கள். எனக்கு இதே தொல்லை வந்தது. கம்ப்யூட்டரைக் கழற்றித் தபாலில் அனுப்பி, புரோகிராம் மாற்றி வந்ததும் சரியாகிவிட்டது.

வைகை72:

கேட்டுவிட்டேன். நீக்கியாயிற்று என்கிறார்கள், பில்லிலும் எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகு ஒன்று செய்து பார்த்தேன். பிடித்த பிறகும் சாவியை விடாமல் நான்கு நொடி வைத்திருந்தேன். நான்கு நொடியும் ஓடியது. ஸ்டார்ட்டர் கீச்சிட்டதால் பயந்து விட்டுவிட்டேன். விட்டதும் நின்றது.

டெட்ராய்ட் அண்ணாச்சி (வாரன், மிச்சிகன்):

தம்பி, இனிமேல் அப்படிப் பிடிக்காதே, ஸ்டார்ட்டர் போய்விடும். ஆனால் நீ செய்தது நல்ல சோதனை. திருட்டுத் தடுப்பாக இருந்தால் நீ சாவியைப் பிடித்தாலும் விட்டாலும் அதுபாட்டுக்கு நின்றிருக்கும். உன் வண்டி நொடியைப் பார்த்து நிற்கவில்லை, சாவி இருக்கும் இடத்தைப் பார்த்து நிற்கிறது.

மூன்று கேள்வி. கம்ப்யூட்டரைத் தொடாதே, இதற்கு மட்டும் பதில் சொல்.

செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்பினால், பின்னால் டேங்க்கில் பம்ப் இரண்டு நொடி ரீங்காரமிடுகிறதா?

கம்ப்யூட்டருக்கும் இன்ஜெக்டருக்கும் போகிற பிங்க் ஒயருக்கு வண்டியில் எந்த ஒயரிலிருந்து கரண்ட் எடுத்தாய்?

ஸ்டார்ட்டர் மேல் இருக்கிற சோலினாய்டின் (ஸ்டார்ட்டருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடுகிற காந்தச் சுவிட்ச்) சின்ன முனையில் எத்தனை ஒயர் மாட்டியிருக்கிறாய், என்னென்ன நிறம்?

வைகை72:

அண்ணாச்சி, நேராக கராஜுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆன் போட்டால் பம்ப் சத்தமே இல்லை. மகளை டேங்க் பக்கத்தில் காதை வைத்துக் கேட்கச் சொன்னேன். செல்ஃப் அடிக்கும்போதுதான் சத்தம் வருகிறதாம்.

பிங்க் ஒயரைப் பழைய இக்னிஷன் காயிலின் பாசிடிவுக்கு வந்துகொண்டிருந்த ஒயரில் சேர்த்தேன். காயில் இனி வேண்டாம், சாவி போட்டால் கரண்ட் வருகிற ஒயர் அது, சரியான இடம் என்று நினைத்தேன்.

ஸ்டார்ட்டரில் இரண்டு ஒயர்: ஊதா ஒன்று, மஞ்சள் ஒன்று. பழைய ஸ்டார்ட்டரில் இரண்டும் தனித்தனி முனையில் இருந்தன. புதியதில் ஒரே ஒரு சின்ன முனைதான். அதனால் இரண்டையும் அதிலேயே சேர்த்து முடுக்கிவிட்டேன்.

மல்ட்டிமீட்டர் வைத்தும் பார்த்தேன். சாவி ஆன், பிங்க் ஒயரில் 2.6 வோல்ட். பேட்டரியில் 12.4. காயில் ஒயர் தொட்டால் சுடுகிறது.

டெட்ராய்ட் அண்ணாச்சி:

கிடைத்துவிட்டது தம்பி. சாவியை ஆஃப் பண்ணிவிட்டு முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்று, அந்த ஒயர் சுடுகிறது என்றாயே, அதற்காக. பிறகு நிதானமாகப் படி.

உன் வண்டி பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடித் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த காலத்து வண்டி. காயிலுக்கு எந்நேரமும் முழு 12 வோல்ட் கொடுத்தால் பாயின்ட் கருகும், காயிலும் வெந்துபோகும். அதனால் சாவியிலிருந்து காயிலுக்கு வருகிற அந்த ஒயரையே ரெசிஸ்டன்ஸ் ஒயராகப் போட்டார்கள். கையில் எடுத்துப் பார், மற்ற ஒயரைப் போல வழுக்காது, துணி சுற்றியது போல இருக்கும். அது வோல்ட்டேஜைக் குறைத்துத்தான் கொடுக்கும். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே இறங்கியிருக்குமே, அந்த நேரத்தில் தீப்பொறி பலமாக வேண்டுமே? அதற்குத்தான் அந்த மஞ்சள் ஒயர். பழைய சோலினாய்டில் ஒரு தனி முனை, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்கு முழு கரண்ட்டையும் அனுப்பும். சாவியை விட்டதும் அந்த வழி அறுந்துவிடும்.

நீ என்ன செய்திருக்கிறாய் பார். மஞ்சளையும் ஊதாவையும் ஒரே முனையில் கட்டிவிட்டாய். செல்ஃப் அடிக்கும்போது ஊதாவில் வருகிற 12 வோல்ட் மஞ்சள் வழியாகத் திரும்பிப் போய் உன் பிங்க் ஒயரை எழுப்புகிறது. கம்ப்யூட்டருக்கு உயிர் வருகிறது, பம்ப் ஓடுகிறது, இன்ஜின் பிடிக்கிறது. சாவியை விட்டதும் ஊதாவில் கரண்ட் இல்லை. மிச்சம் இருப்பது ரெசிஸ்டன்ஸ் ஒயர் வழியாக வருகிற கொஞ்சநஞ்சம். அதுவும் அதே மஞ்சள் வழியாக சோலினாய்டு சுருளுக்குள் இறங்கி எர்த்துக்குப் போய்விடுகிறது. அந்தச் சுருளுக்கு அரை ஓம் கூட இராது. மீதிதான் நீ பார்த்த 2.6 வோல்ட். ஒயர் சுடுவதும் அதனால்தான். ஆன் போட்டால் பம்ப் பேசாதது ஏன் என்பதும் இதிலேயே வந்துவிட்டது.

செய்ய வேண்டியது: மஞ்சள் ஒயரை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி முனையை மூடி டேப் சுற்றிவிடு. காயில் ஒயரையும் அப்படியே. இரண்டையும் வெட்டாதே, நாளைக்கு யாராவது ஆறு சிலிண்டரைத் திரும்ப ஏற்றினால் வேண்டும். ஃப்யூஸ் பெட்டியில் இக்னிஷன் முனை இருக்கும், அங்கிருந்து ஒரு மெல்லிய ஒயர் எடுத்து ஒரு ரிலேயை மட்டும் இயக்கு. ரிலேக்குப் பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் வைத்து, தடித்த ஒயர். ரிலேயிலிருந்து பிங்க் ஒயர்கள். ஒன்று முக்கியம்: நீ எடுக்கிற முனையில் ஆன் நிலையிலும், செல்ஃப் அடிக்கும்போதும், இரண்டிலும் கரண்ட் இருக்க வேண்டும். ரேடியோ, ஹீட்டர் முனைகள் செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும். அதில் எடுத்தால் இப்போதைக்கு நேர் எதிரான கூத்து நடக்கும்: அடிக்கும்போது பிடிக்காது, விடும்போது ஒரு உதறு உதறும்.

மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிடிவிலும் இன்னொன்றைப் பிங்க் ஒயரிலும் வைத்து செல்ஃப் அடி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு சரியில்லை. அதேபோல நெகடிவ் பக்கமும், பேட்டரிக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே. எட்டு மாதம் இரும்போடு மல்லுக்கட்டிய ஆட்களை இரண்டு அடி எர்த் ஒயர் படுத்துவதை நான் நிறையப் பார்த்தாயிற்று. பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு ஒன்று, பிளாக்கிலிருந்து சேசிஸுக்கு ஒன்று, பாடியிலிருந்து சேசிஸுக்கு ஒன்று. ஒயரிங்கில் ஹெட்டின் பின்பக்கம் வருகிற எர்த் முனைகளைப் பெயின்ட் சுரண்டி வெறும் உலோகத்தில் முடுக்கு.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். 1972ல் ஆல்டர்னேட்டர் ரெகுலேட்டர் தனிப் பெட்டியாக ரேடியேட்டர் பக்கம் இருக்கும். உன் புது ஆல்டர்னேட்டருக்கு ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கிறது, பழைய பெட்டி வேண்டாம். ஆனால் அதன் சின்ன பிளக்கில் எல் என்று ஒரு முனை. அதற்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துவிடாதே. டாஷ்போர்டு சார்ஜ் விளக்கு வழியாகவோ ரெசிஸ்டர் வழியாகவோதான் கொடுக்க வேண்டும்.

ஆயில் பேன் மாற்றினேன் என்றாய். உறிஞ்சு குழாய் பம்ப்பில் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்குமே, புதிது போட்டாயா? பழையது காய்ந்திருந்தால் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும், மீட்டரில் பிரஷர் தூங்கும். போடவில்லை என்றால் பேனை இறக்கிப் போடு. அலுப்புப் பார்க்காதே.

கடைசியாக ஒன்று, என் சொந்த நஷ்டம். நான் என் 1969 சி-10ல் 6.0 லிட்டர் இன்ஜினை இறக்கினபோது, ஹெட்டின் முன்பக்கத்திலிருந்து ரேடியேட்டர் மேல்பக்கம் போகிற அந்த மெல்லிய ஆவிக் குழாயைப் பார்த்து, பழைய ரேடியேட்டரில் இதற்கு இடமே இல்லையே என்று இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது, கூலன்ட் குறையவில்லை, எல்லாம் சரி என்று நினைத்தேன். ஆகஸ்ட் மாதம் டிரெய்லர் இழுத்துக்கொண்டு ஒரு நீள ஏற்றம் ஏறினேன். ஹெட்டுக்குள் சிக்கிய ஆவி போக வழியில்லாமல் அங்கேயே உட்கார்ந்து கேஸ்கட்டைத் தின்றுவிட்டது. தண்ணீர் போகிற இடத்தில்தான் சென்சர் இருக்கிறது, ஆவி நிற்கிற இடத்தில் இல்லை. முள் எப்படிக் காட்டும்? அந்தக் குழாயை ரேடியேட்டர் தொட்டியின் மேல்பக்கம் ஒரு முனை பற்றவைத்து இணைத்துவிடு. அதை முடிக்காமல் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓட்டாதே.

ஸ்கார்பரோ அக்கா (ஒன்ராறியோ, கனடா):

தம்பி, ஒயரிங்குக்கு அண்ணாச்சி சொன்னதுதான். நான் உங்கட சின்னக் கேள்விகளுக்கு வாறன். நானும் என்ர மனுசனும் 1970 சி-10 ஒண்டுக்கு இதே 5.3, இதே 4எல்60இதான் போட்டனாங்கள். எங்கட வண்டிக்கு நாலு சில்லுக்கும் டிரம் பிரேக். அதனால என்ஜின் வாங்க முதலே முன்னுக்கு டிஸ்க் போட்டம். உங்கட 72க்கு கம்பெனியே முன்னுக்கு டிஸ்க் குடுத்திருக்கு, ஆனா 285 குதிரைவலு வருகுது, ரப்பர் குழாய் மூண்டையும் புதுசா மாத்துங்கோ. வெளியில நல்லாத்தான் தெரியும், உள்ளுக்க வீங்கி அடைச்சுப் போயிருக்கும்.

ஸ்பீடோமீட்டர்: உங்கட கியர்பெட்டியில கேபிள் பூட்ட இடமே இல்லை, வால் பக்கத்தில சென்சர் மட்டும்தான். ஒரு சின்னப் பெட்டி விக்கிறாங்கள். உள்ளுக்க மோட்டர் ஒண்டு, சென்சர் சிக்னலைப் பார்த்து உங்கட பழைய கேபிளை அதே வேகத்தில சுத்தும். டாஷுக்குக் கீழ வையுங்கோ, கேபிள் கட்டையா இருந்தாத்தான் முள் ஆடாது. சிக்னலைக் கியர்பெட்டியில இருந்து நேர எடுக்காதேங்கோ, கம்ப்யூட்டரில இருந்து வாறதை எடுங்கோ. அது ஒரு மைலுக்கு 4,000 துடிப்புக் குடுக்கும். ஆனா அது சரியா வாறதுக்கு கம்ப்யூட்டருக்குள்ள டயர் அளவும் 3.73 எண்டதும் எழுதியிருக்க வேணும். சில்வராடோவில இருந்த கணக்கே இருந்தா ஸ்பீடோமீட்டர் பிழைக்கிறது மட்டுமில்லை, கியர் மாறுற நேரமும் பிழைச்சுப் போகும்.

டெம்பரேச்சர்: கம்ப்யூட்டரின்ர சென்சர் சாரதிப் பக்க ஹெட்டில. அதை விடுங்கோ. மற்றப் பக்க ஹெட்டின்ர பின்னுக்கு ஒரு மூடி திருகியிருக்கும், 12 மில்லிமீட்டர் மரை. அடாப்டர் போட்டு அதில உங்கட பழைய மீட்டருக்குரிய சென்சரைப் பூட்டலாம். என்ஜின் உள்ளுக்க இருக்கேக்க கை போறது சரியான கஷ்டம். நான் மெலிஞ்ச ஆள் எண்டதால நான்தான் பூட்டினனான், முழங்கை எல்லாம் உரஞ்சு போச்சு.

இன்னொண்டு. சீட்டுக்குப் பின்னால இருந்த பெட்ரோல் டாங்கை எடுத்தது நல்ல காரியம். பிள்ளையளை ஏத்திற வண்டியில அதை வைச்சிருக்கக் கூடாது.

ஒஹாயோ வாசகர்:

நான் மாற்றுக் கருத்துக்காரன், கோபிக்காதீர்கள். ஒரே கையில் ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் அந்த இன்ஜின் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 250 ஒன்றும் அபூர்வம் இல்லை, பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. செய்தது செய்துவிட்டீர்கள், அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பிளாக்கின் பக்கத்தில், டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கிட்டே அடித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். சிலிண்டர்களில் ஆயில் விட்டு, பிளக் ஓட்டைகளை மூடி, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

வைகை72:

ஐயா, கோபமே இல்லை. அந்த இரண்டு மனசும் எனக்குள்ளேயே இருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பெடலோடு, ஸ்டீயரிங் லிவரோடு, ஒரு போல்ட் விடாமல் பெயர் எழுதிய பைகளில் கராஜில் இருக்கின்றன. நீங்கள் சொன்ன எண்ணை இன்று படம் எடுத்துவிட்டேன். எப்போதாவது பணம் சேரும்போது அதைப் பிரித்து முழுசாகச் செய்துவைக்க ஆசை. அந்த அம்மா ஓட்டச் சொன்னார்கள். அதற்காகத்தான் இந்த வழியில் போனேன்.

வைகை72 (ஒன்பது நாள் கழித்து):

அண்ணாச்சி, அக்கா, வண்டி ஓடுகிறது.

மஞ்சள் ஒயரைக் கழற்றிய உடனே சாவியை ஆன் போட்டுப் பார்த்தேன். பிங்க்கில் 2.6 இருந்த இடத்தில் 9.8. நீங்கள் எழுதியதைக் கண்ணால் பார்த்தது போல இருந்தது. ஃப்யூஸ் பெட்டியில் முதலில் தொட்ட முனை செல்ஃப் அடிக்கும்போது செத்தது. இரண்டாவது முனையில் இரண்டு நிலையிலும் கரண்ட் நின்றது. ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி ஒயர் இழுத்தேன். ஆன் போட்டதும் பின்னால் பம்ப் ரீங்காரமிட்டது. "அப்பா, கேக்குது" என்று மகள் பெட்டிக்குள்ளிருந்து கத்தினாள். செல்ஃப் அடித்தேன், பிடித்தது, சாவியை விட்டேன், ஓடிக்கொண்டே இருந்தது. இருபது நொடி கேட்டுவிட்டு நானே அணைத்தேன், ஆவிக் குழாய் இணைக்காததால்.

அந்த ரப்பர் வளையம்: போட்டிருக்கவில்லை. பேனை இறக்கினேன். பழையது தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் உடைந்தது. விரல் நுனியில் கருப்புத் தூளாக வந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீங்கள் கேட்காமல் இருந்திருந்தால் அப்படியே ஓட்டியிருப்பேன். இப்போது சூடான பிறகும் ஐட்லிங்கில் 40 பிஎஸ்ஐ நிற்கிறது.

ரேடியேட்டர் கடையில் தொட்டியின் மேல்பக்கம் ஆவிக் குழாய்க்கு முனை பற்றவைத்துக் கொடுத்தார்கள். நேற்று மதியம் நல்ல வெயிலில் ஊருக்கு வடமேற்கே குன்றுகள் பக்கம் பண்டேரா வரை போய் வந்தேன். ஏற்றத்திலும் முள் அசையவில்லை, இந்தத் தடவை அதை நம்பவும் முடிந்தது. அக்கா சொன்ன அந்தப் பின்பக்க மூடிக்கு எனக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஸ்பீடோமீட்டர் பெட்டியும் போட்டாயிற்று. ஃபோனில் பார்த்த வேகத்துக்கும் முள்ளுக்கும் 70ல் ஒரு மைல்தான் வித்தியாசம். பிரேக் குழாய் மூன்றும் மாற்றினேன். பழையதில் ஒன்றை நறுக்கிப் பார்த்தேன், ஊசி நுழையும் அளவுதான் துவாரம் இருந்தது.

டெக்சஸில் 24 வயதைத் தாண்டிய வண்டிக்குப் புகைச் சோதனை கிடையாது, அதனால் காகித வேலை பெரிதாக இல்லை. இன்ஷூரன்ஸில் மட்டும் இன்ஜின் மாற்றியதை எழுதிக்கொடுத்தேன்.

திரும்பி வந்து தெருவில் திரும்பும்போது அந்த அம்மா வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் வேறாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். ஏறிக்கொள்கிறீர்களா என்று கேட்டதும் குழாயை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். கிளம்பும்போது அவர் கை தரையில் இருந்த லிவரின் குமிழ் மேல் போனது. ஒன்றும் சொல்லவில்லை. கடைத்தெரு வரை கையை எடுக்கவில்லை.

ஒரே ஒரு குறை பாக்கி. 62 மைல் வேகத்தில் தரையில் ஒரு நடுக்கம் ஆரம்பித்து 68ல் மறைகிறது. ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ணியது, ஜாயின்ட் புதிது. கியர்பாக்ஸ் வால் கீழ்நோக்கி 3 டிகிரி, பின் ஹவுசிங் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் தண்டு) மேல்நோக்கி 1 டிகிரி காட்டுகிறது. கியர்பாக்ஸ் மவுன்ட்டுக்குக் கீழே தகடு கொடுத்துத் தூக்கவா, பின் ஹவுசிங்கைத் திருப்பவா?

டெட்ராய்ட் அண்ணாச்சி:

இரண்டு கோணமும் சமமாக வர வேண்டும் தம்பி. ஹவுசிங்கைத் தொடாதே, முதலில் கியர்பாக்ஸ் வாலை உயர்த்து. கால் அங்குலத் தகடு ஒன்று வை, மறுபடி அள, பிறகு எவ்வளவு வேண்டும் என்று உனக்கே தெரியும். அளக்கும்போது வண்டி ஜாக்கியில் தொங்கக் கூடாது, நாலு டயரும் தரையில் இருக்க வேண்டும், டேங்க்கும் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும். அளந்த எண்ணை இங்கே போடு, பார்க்கிறேன்.